உள்ளத்தைப் படிக்கப் போன மாணவி

ஒவ்வோர் ஆண்டும் பள்ளி இறுதி வகுப்பு மாணவியர் சிலர் ஆசிரியர் அறைக்குத் தயங்கித் தயங்கி வந்து, கல்லூரியில் உளவியல் எடுத்துப் படிக்கலாமா என்று கேட்பதுண்டு. ஏன் என்று திருப்பிக் கேட்டால், மனிதர்களைப் புரிந்துகொள்ள ஆசை என்பார்கள். பெற்றோருக்கோ வேறு கவலை. இதைப் படித்து என்ன வேலைக்குப் போவாள் என்பதே அவர்கள் கேள்வி. இரு தரப்பாரையும் மனத்தில் கொண்டு, நூறு ஆண்டுகளுக்கும் முன்பு இதே ஆசையோடு ஒரு பல்கலைக் கழகத்தின் படியேறிய பெண்ணொருத்தியின் வாழ்வை இங்கே எழுத முற்படுகிறேன்.

கார்மேல் சபை உடையில் அவருடைய படத்தைச் சில கன்னியர் மடங்களில் நீங்கள் பார்த்திருக்கலாம். சிலுவையின் புனித தெரேசா பெனடிக்டா என்பது அவருக்குத் துறவறத்தில் வந்த பெயர். அந்த முக்காட்டைச் சற்று நேரம் மறந்துவிட்டு, கையில் குறிப்பேட்டுடன் விரிவுரை மண்டபத்துக்கு விரையும் 19 வயது மாணவி எடித் ஸ்டைனைப் பார்ப்போம். புனிதர் வரலாறுகளில் பெரும்பாலும் இரண்டே வரியில் முடிந்துவிடும் பகுதி இது. எனக்கு என்னவோ, அவருடைய வாழ்வின் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

எடித் 1891-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் பிரெஸ்லௌ நகரில் பிறந்தாள். அன்று ஜெர்மனியைச் சேர்ந்திருந்த அந்நகரம் 1945 முதல் போலந்தில் இருக்கிறது. இன்று அதன் பெயர் விரோட்ஸ்வாஃப். பெற்றோர் யூதர்கள். யூதர்களின் மிகப் புனிதமான பாவப்பரிகாரத் திருநாளில் பிறந்த கடைக்குட்டி என்பதால் தாய்க்கு அவள்மீது தனிப் பாசம். பதினொரு குழந்தைகளில் நால்வர் சிறு வயதிலேயே இறந்துபோக, எஞ்சிய எழுவரில் இவளே இளையவள். இரண்டு வயது நிறையுமுன் தந்தை வணிகப் பயணத்தில் வெயில் தாக்கி இறந்தார். கடனில் கிடந்த மரக்கடையை விற்றுவிடும்படி உறவினர் சொன்னதைத் தாய் அகுஸ்தா கேட்கவில்லை. தாமே ஏற்று நடத்தினார். காட்டில் நிற்கும் மரங்களைப் பார்த்தே அவற்றின் விலையைக் கணக்கிடும் அளவுக்குத் தொழிலில் தேர்ந்தார், கடனை அடைத்தார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார். நம் ஊரிலும் இத்தகைய தாய்மாரை நாம் அறிவோம்.

எடித்துக்குச் சிறுவர் பள்ளி பிடிக்கவில்லை. பெரிய பள்ளிக்கே போவேன் என்று அடம் பிடித்து, பள்ளியாண்டின் நடுவே, தன் ஆறாவது பிறந்த நாளன்று விக்டோரியா பள்ளியில் சேர்ந்தாள். வகுப்பில் எப்போதும் முதல் வரிசை. ஆனால் 14 வயதில் திடீரென்று படிப்பை நிறுத்திக்கொண்டு, ஹாம்பர்க் நகரில் மணமாகியிருந்த அக்காள் வீட்டுக்குப் போய்ப் பத்து மாதம் போல இருந்தாள். அங்கேதான், தெரிந்தே, தானாகவே முடிவு செய்து, செபிப்பதை விட்டுவிட்டாள். பிற்காலத்தில் இதை அவரே மறைக்காமல் எழுதி வைத்தார். ஊர் திரும்பிய பின் மறுபடி படிப்பில் ஆசை பிறந்தது. இலத்தீனும் கணக்கும் தனியே கற்று, 1908-இல் மேல் வகுப்பில் சேர்ந்து, 1911-இல் பள்ளி இறுதித் தேர்வில் சிறப்பாகத் தேறினாள். ஸ்டைன் என்ற சொல்லுக்கு ஜெர்மன் மொழியில் கல் என்று பொருள். கல்லைத் தட்டினால் உள்ளிருந்து செல்வம் வெளிப்படும் என்று தலைமையாசிரியர் அவள் பெயரை வைத்துச் சிலேடையாகப் பாராட்டினாராம்.

அந்த ஆண்டைக் கவனியுங்கள். ப்ருஷ்ய நாட்டுப் பல்கலைக் கழகங்களில் பெண்கள் முழு உரிமையுள்ள மாணவராகச் சேரலாம் என்ற அனுமதி 1908-இல்தான் வந்தது. எடித் மூன்று நான்கு ஆண்டு முன்னதாகப் பிறந்திருந்தால் வாசலிலேயே நின்றிருக்க வேண்டும். உறவினர் பலருக்கு, பெண் படிப்பதென்றால் மருத்துவம் படிக்கலாம், அதில் பிழைப்பு உண்டு என்ற எண்ணம். தாய் மட்டும், உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய் என்று விட்டுவிட்டார். தத்துவமும் உளவியலும் என்னவென்றே அந்த மரக்கடை அம்மாளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மகளைத் தெரிந்திருந்தது.

1911 ஏப்ரல் மாதம் எடித் பிரெஸ்லௌ பல்கலைக் கழகத்தில் பெயர் பதிவு செய்துகொண்டார். (இனி அவரை மரியாதையுடன் அழைப்போம்; கல்லூரி மாணவியாகிவிட்டாரே!) ஓடர் ஆற்றங்கரையில் பழைய யேசு சபைக் கல்லூரிக் கட்டடத்தில் நடந்துவந்த அப்பல்கலைக் கழகம், 1811-இல் ப்ருஷ்ய அரசின் கீழ்ப் புதுவடிவம் பெற்றதன் நூற்றாண்டு விழாவை அந்த ஆண்டுதான் கொண்டாடியது.

அக்கால ஜெர்மன் முறை நம் கல்லூரி முறை போன்றதன்று. மூன்றாண்டு இளங்கலைப் பட்டம் என்று ஒன்று கிடையாது. பாடத்திட்டமும் ஆண்டுத் தேர்வும் கிடையா. ஆறு மாதப் பருவந்தோறும் தனக்குப் பிடித்த பேராசிரியர்களின் விரிவுரைகளை மாணவரே தேர்ந்தெடுத்துப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். கடைசியில் ஆசிரியர் வேலைக்கான அரசுத் தேர்வு, அல்லது ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி முனைவர் பட்டம். நடுவில் ஒருவரும் தட்டிக் கேட்கமாட்டார்கள். இந்தச் சுதந்திரத்தில் வழி தவறிப்போனவர்களும் உண்டு. எடித் ஜெர்மன் இலக்கியம், வரலாறு ஆகியவற்றை வருங்கால ஆசிரியர் வேலைக்காகவும், உளவியலையும் தத்துவத்தையும் மனநிறைவுக்காகவும் எடுத்துக்கொண்டார். முதல் பருவத்திலேயே வில்லியம் ஸ்டெர்ன் என்ற பேராசிரியரின் உளவியல் அறிமுக விரிவுரைக்குப் போய் அமர்ந்தார்.

உளவியல் அப்போது இளம் அறிவியல். 1879-இல் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் சோதனைக்கூடம் தொடங்கியதைத்தான் அதன் பிறப்பாகச் சொல்வார்கள். அதற்குமுன் ஆன்மாவைப்பற்றிப் பேசியவர்கள் தத்துவ அறிஞர்கள். வுண்டும் அவர் வழி வந்தவர்களும் கடிகாரத்தையும் கருவிகளையும் கொண்டுவந்தார்கள். விளக்கு எரிந்ததும் விரல் அசைய எத்தனை நொடிப்பின்னம் ஆகிறது, இரு ஒலிகளில் எது உரத்தது என்று எப்போது தெரிகிறது என்றெல்லாம் அளந்தார்கள். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து மறதியை அளந்து 1885-இல் நூலாக வெளியிட்ட ஹெர்மன் எபிங்ஹௌஸ், பிறகு பிரெஸ்லௌவிலேயே பேராசிரியராக இருந்தவர். ஸ்டெர்ன் 1897-இல் அங்கே பணியேற்றார்.

ஸ்டெர்ன் சாதாரண ஆளல்லர். அவரும் அவர் மனைவி கிளாராவும் தங்கள் மூன்று பிள்ளைகளின் பேச்சையும் விளையாட்டையும் 1900 முதல் பல ஆண்டுகள் நாட்குறிப்பாக எழுதிவந்தார்கள். குழந்தை முதன்முதல் எந்தச் சொல்லைச் சொன்னது, எப்போது சொற்களைச் சேர்த்துப் பேசியது என்று எல்லாம் அதில் உண்டு. அதிலிருந்து 1907-இல் குழந்தை மொழியைப்பற்றி ஒரு பெரிய நூல் வந்தது. இன்று எல்லார் வாயிலும் அடிபடும் நுண்ணறிவு ஈவு என்பதும் அவர் 1912-இல் முன்வைத்த கருத்தே. எட்டு வயதுக் குழந்தை பத்து வயதுக்குரிய வினாக்களுக்கு விடை சொன்னால் பத்தை எட்டால் வகுக்க வேண்டும், 1.25 வரும். அதை 100-ஆல் பெருக்கி 125 என்று சொல்லும் வழக்கம் 1916-இல் அமெரிக்காவில் வந்தது. ஆக, எடித் அவர் வகுப்பில் அமர்ந்திருந்த நாட்களில்தான் இந்தக் கணக்கு உருவானது.

இப்படிப்பட்ட ஆசிரியரிடம் படிக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். எடித்தும் ஆசையோடு படித்தார். ஸ்டெர்னின் கருத்தரங்கில் வூர்ட்ஸ்பர்க் நகரத்து அறிஞர்களின் ஆராய்ச்சிகளை வரிவரியாக ஆராய்ந்தார்கள். அந்த அறிஞர்கள் ஒருவரிடம் கடினமான கேள்வியொன்றைக் கேட்டு, விடை கண்டதும், அந்தச் சில நொடிகளில் அவர் மனத்தில் என்னென்ன நிகழ்ந்தது என்று விவரிக்கச் சொல்வார்கள். சிந்தனை எப்போதும் மனப்படங்களாக ஓடுவதில்லை, உருவமற்ற எண்ணமும் உண்டு என்பது அவர்கள் கண்ட முடிவு. சுவையான செய்திதான். ஆனால் எண்ணம் என்றால் என்ன? எண்ணுகிற நான் யார்? ஆன்மா என்ற சொல்லை இந்தப் புதிய அறிவியல் ஏன் கைவிட்டது? எடித்தின் மனத்தில் இக்கேள்விகள் முள்ளாகத் தைத்தன.

வகுப்புக்கு வெளியிலும் அவர் சும்மா இருக்கவில்லை. கல்வி முறைகளை ஆராயும் மாணவர் குழு ஒன்றில் சேர்ந்து பள்ளிகளையும், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான இல்லங்களையும் பார்த்து வந்தார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட சங்கத்தில் உறுப்பினரானார். தோழியருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். கூர்மையான அறிவு, ஓயாத உழைப்பு. கூடவே ஒரு குறையும் வளர்ந்தது. பிறருடைய பலவீனங்களை உடனே கண்டுபிடித்து, நகைச்சுவையோடு குத்திக் காட்டும் பழக்கம். எல்லாரும் சிரித்ததால் அது குறையென்றே அவருக்குத் தெரியவில்லை. மனித மனத்தைப் பாடமாகப் படித்துக்கொண்டிருந்தவருக்கு எதிரே இருப்பவர் மனம் நோவது தெரியவில்லை!

1912-இன் இறுதியில் முனைவர் பட்டத்துக்கு ஒரு பொருள் தரும்படி ஸ்டெர்னை அணுகினார். குழந்தைகளின் சிந்தனை எப்படி வளர்கிறது என்பதைச் சோதனைமூலம் ஆராயலாம் என்றார் பேராசிரியர். ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த தரவுகளைப் பார்க்க எடித் பெர்லின் அருகிலிருந்த ஒரு நிறுவனத்துக்கும் போய்வந்தார். பார்க்கப் பார்க்க மனம் ஒட்டவில்லை. எண்ணம், உள்ளம், நான் என்ற அடிப்படைச் சொற்களுக்கே தெளிவான பொருள் வகுக்காமல் எத்தனை குழந்தைகளிடம் எத்தனை கேள்வி கேட்டு என்ன பயன் என்று அவருக்குப் பட்டது. அடித்தளம் போடாமல் மாடி கட்டுகிறார்கள் என்பதே அவருடைய குறை. இந்தத் தீர்ப்பு சற்றுக் கடுமையானது என்றே நான் நினைக்கிறேன். கட்டிக்கொண்டே அடித்தளத்தைச் சரிசெய்த அறிவியல்களும் உண்டு. ஸ்டெர்னும் கூட மனிதனை உறுப்பு உறுப்பாகப் பிரிக்காமல் முழு ஆளாகப் பார்க்க வேண்டும் என்று வாதாடியவரே. ஆனாலும் 21 வயதில், நான்கு பருவங்கள் படித்த ஒரு பாடத்தில், நான் தேடி வந்தது இங்கே இல்லை என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்ள எவ்வளவு துணிவு வேண்டும்!

வழி காட்டியது ஒரு பெயர். கருத்தரங்குக்காகப் படித்த கட்டுரைகளில் எல்லாம் எட்மண்ட் ஹுஸ்ஸர்ல் என்ற தத்துவ அறிஞரின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. கோட்டிங்கன் நகரில் அவரிடம் பயின்று வந்த மூத்த நண்பர் ஒருவர், அங்கே இரவும் பகலும் தெருவிலும் சாப்பாட்டு மேசையிலும் தத்துவப் பேச்சுத்தான் என்று ஆவலைத் தூண்டி, ஹுஸ்ஸர்லின் தர்க்க ஆய்வுகள் என்ற நூலின் இரண்டாம் பாகத்தைக் கொடுத்தார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் எடித் அதில் மூழ்கினார். புத்தாண்டுக்கு முந்திய இரவு நண்பர்கள் அந்தப் பேராசிரியரின் பெயரை எதுகையாக வைத்துப் பாட்டுக் கட்டி அவரைக் கேலி செய்தார்கள். கணித அறிஞர் ரிச்சர்ட் கூரான்ட் அவருக்கு உறவினர். அவர் கோட்டிங்கனில்தான் இருந்தார். அவர் வீட்டிலிருந்து வந்த அழைப்புக் கடிதம் முடிவை எளிதாக்கியது.

கோடைப் பருவம் ஒன்று மட்டும், அதாவது நான்கு மாதத்துக்குள், என்பதே பேச்சு. படிப்புக்குத் தேவையென்றால் தடுக்கமாட்டேன் என்றார் தாய். ஆனால் நான்கு மாதப் பிரிவுக்குத் தேவையானதைவிட அதிகமான துயரம் அவர் முகத்தில் இருந்தது. மகளுக்கும் உள்ளூரத் தெரியும், இது வெறும் நான்கு மாதமல்ல என்று. இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

பிரியும் நேரத்தில் இன்னொன்று நடந்தது. விடைகொடுக்க வந்த நண்பர் ஒருவர், உன் மனத்துக்குப் பிடித்த மனிதர்கள் கோட்டிங்கனிலாவது உனக்குக் கிடைக்கட்டும், இங்கே நீ எல்லாரையும் குறை காண்பவளாகிவிட்டாய் என்ற பொருள்படச் சொல்லிவிட்டார். எடித் திகைத்துப் போனார். தன்னை அப்படி யாரும் கண்டித்துப் பல காலமாயிற்று. தான் நல்லவளாகவே இருந்து வருவதாக நம்பியிருந்தது எவ்வளவு பெரிய மயக்கம் என்று அவர் யோசிக்கத் தொடங்கினார். பெரிய பேராசிரியர்கள் சொல்லித் தராத பாடம் அது. அதை ரயில் ஏறுமுன் ஒரு தோழர் சொல்லித் தந்தார்.

1913 ஏப்ரலில் கோட்டிங்கன். ஹுஸ்ஸர்ல் புதிய மாணவர்களிடம் தம் நூல் எதையாவது படித்ததுண்டா என்று விசாரித்தார். இரண்டாம் பாகம் முழுவதும் படித்திருப்பதாக எடித் சொல்ல, அவர் அதை ஒரு வீரச் செயலாகவே பாராட்டிச் சிரித்தார். அங்கேயும் எடித் உளவியலை விட்டுவிடவில்லை. சோதனை உளவியலில் பேர்பெற்ற ஜி. இ. முல்லரின் வகுப்புகளுக்கும் போனார்.

அந்தக் கோடையில் ஹுஸ்ஸர்ல் இயற்கையும் மனமும் பற்றி விரிவுரை நடத்தினார். வெளியுலகம் எனக்கு மட்டுமன்றி எல்லாருக்கும் பொதுவானது என்று நாம் அறிவது, ஒருவரையொருவர் புரிந்துகொள்ளும் பல மனிதர்கள் இருப்பதால்தான் என்று அவர் சொன்னார். அப்படிப் புரிந்துகொள்வதற்கு மற்றவர் உணர்வை உணர்தல் என்று பெயரும் கொடுத்தார். அது எப்படி நிகழ்கிறது என்று மட்டும் விளக்கவில்லை. எடித் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார். என் ஆராய்ச்சி இதுதான் என்று தீர்மானித்தார்.

பொருளைச் சுருக்கமாகச் சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் பக்கத்தில் அமரும் தோழி ஒருநாள் கண் சிவக்க வகுப்புக்கு வருகிறாள். அவள் வாய் திறக்குமுன்பே அவளுக்கு ஏதோ துயரம் என்று உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. எப்படி? கண் சிவந்திருக்கிறது, எனக்கும் அழுதால் கண் சிவக்கும், ஆகவே இவள் அழுதிருக்கிறாள் என்று கணக்குப் போட்டா அறிந்தீர்கள்? இல்லை. அவளுடைய துயரம் உங்களைத் தொற்றிக்கொண்டு உங்களுடையதாகிவிட்டதா? அதுவும் இல்லை, அது அவளுடைய துயரமாகவே உங்கள் முன் நிற்கிறது. அவள் இருக்கும் இடத்துக்கு நீங்கள் அழைத்துச் செல்லப்படுகிறீர்கள். ஆனாலும் நீங்கள் நீங்களாகவே, அவள் அவளாகவே. இந்த அறிதல் மற்ற எந்த அறிதலையும் போன்றதல்ல, தனி வகை என்று எடித் காட்டினார். இதில் இன்னொரு பயனும் உண்டு என்றார். மற்றவர் கண்ணால் நம்மைப் பார்க்கும்போதுதான் நம்மைப்பற்றிய நம் சொந்தக் கணிப்பின் பிழை தெரிகிறது. பிரெஸ்லௌவில் அந்த நண்பர் பேசிய பேச்சு இந்த இடத்தில் எனக்கு நினைவுக்கு வராமல் போகவில்லை.

எழுதுவது எளிதாக இல்லை. 1913-14 குளிர்காலம் முழுவதும் தூக்கமின்றி, புத்தகக் குவியலில் தத்தளித்து, எதுவும் தெளியாமல், வாழ்வே கசந்துபோகும் அளவுக்கு மனம் சோர்ந்தார். எதையும் தன் அறிவால் சாதித்துவிடலாம் என்று நம்பிய பெண்ணுக்கு அது முதல் தோல்வி. ஹுஸ்ஸர்லின் உதவியாளராக இருந்த அடால்ஃப் ரைனாக் என்ற இளம் ஆசிரியர், அரைகுறையான பக்கங்களைப் பொறுமையாகக் கேட்டுத் தைரியம் சொன்னார். ஒரு மனிதர் மற்றவரிடம் எவ்வளவு அன்பாக இருக்க முடியும் என்பதை எடித் அவரிடம் கண்டார். 1915 ஜனவரியில் அரசுத் தேர்வில் மிகச் சிறப்பாகத் தேறினார்.

அதற்குள் போர் மூண்டிருந்தது. 1915-இல் எடித் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, செஞ்சிலுவைச் சங்கத் தாதியாக மொராவியாவிலிருந்த தொற்றுநோய் இராணுவ மருத்துவமனைக்குப் புறப்பட்டார். படிப்புக்குத் தடை சொல்லாத தாய் இதற்குச் சம்மதிக்கவில்லை. சம்மதமில்லாமலே மகள் போனார். டைபாய்டு நோயாளிகளின் கூடம். பல இனத்தார், பல மொழியார். பாதிப் பேருடன் பேசவே வழியில்லை. முகத்தையும் கையசைவையும் பார்த்தே தேவையறிந்து பணி செய்ய வேண்டியிருந்தது. தத்துவ ஆராய்ச்சிக்கு இதைவிடக் கடினமான செய்முறை வகுப்பு இருக்க முடியாது.

1916 ஆகஸ்ட் 3-ஆம் நாள், ஹுஸ்ஸர்ல் மாறிச் சென்றிருந்த ஃபிரைபுர்க் பல்கலைக் கழகத்தில் எடித் ஸ்டைன் மிக உயர்ந்த தகுதியுடன் முனைவரானார். ஆய்வின் ஒரு பகுதி 1917-இல் அச்சாயிற்று. சுமார் ஒன்றரை ஆண்டு ஹுஸ்ஸர்லுக்கு உதவியாளராக இருந்து அவருடைய சுருக்கெழுத்துக் குவியல்களைச் சீர்ப்படுத்தினார். பிறகு பேராசிரியராகத் தகுதி கேட்டு விண்ணப்பித்தபோது கதவு மூடிக்கொண்டது. பெண் என்பதே காரணம். எடித் சும்மா இருக்கவில்லை, அமைச்சகத்துக்கு முறையிட்டார். பெண்ணாயிருப்பது இந்தத் தகுதிக்குத் தடையாகாது என்று 1920 பிப்ரவரியில் ப்ருஷ்ய அமைச்சகம் ஆணை பிறப்பித்தது. அந்த ஆணையால் பின்வந்த பெண்கள் பயன்பெற்றார்கள். அவருக்குப் பல்கலைக் கழகப் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை.

1922-இல் ஹுஸ்ஸர்லின் ஆண்டிதழில் எடித்தின் இரு நீண்ட ஆய்வுகள் வெளிவந்தன. உளவியலுக்கும் மனிதவியல் துறைகளுக்கும் தத்துவ அடித்தளம் அமைப்பதே அவற்றின் நோக்கம். ஸ்டெர்னின் மாணவியாக இருந்தபோது எந்த அடித்தளம் இல்லையென்று குறைபட்டாரோ, அதைத் தாமே போட முயன்றிருக்கிறார்! உளவியலை விட்டுப் போனவர் என்று அவரைச் சொல்வது சரியல்ல என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

அதே 1922-இன் முதல் நாள் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றார். 1917-இல் ரைனாக் போரில் மாண்டபோது அவருடைய இளம் மனைவி விசுவாசத்தால் துயரத்தைத் தாங்கி நின்றதை எடித் நேரில் கண்டிருந்தார். 1921 கோடையில் அவிலா நகர் தெரேசம்மாளின் வாழ்க்கை வரலாறு கையில் கிடைத்தது. உள்ளத்தின் உள்ளறைகளைப்பற்றிச் சோதனைக்கூடம் சொல்லாததை 16-ஆம் நூற்றாண்டுக் கன்னிகை ஒருவர் சொல்லியிருந்தார். செய்தி கேட்டுத் தாய் அழுதார். அதுவரை அந்தத் தாய் அழுது எடித் பார்த்ததில்லை. நமக்கு மகிழ்ச்சியான இந்த நிகழ்ச்சி அந்த வீட்டில் எவ்வளவு பெரிய காயமாயிற்று என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

1923 முதல் 1931 வரை ஸ்பையர் நகரில் தோமினிக் சபைக் கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளியிலும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலும் பாடம் நடத்தினார். நம்முடையதைப் போன்ற பள்ளிதான். பெண்கள் எந்தத் துறைக்கும் போகலாம் என்றும், பெண்ணின் கல்வி அவளுடைய ஆன்மாவை அறிந்து அமைய வேண்டும் என்றும் ஊர் ஊராகச் சென்று உரையாற்றினார். 1932-இல் மூன்ஸ்டர் நகரக் கல்வியியல் நிறுவனத்தில் விரிவுரையாளர் ஆனார். அடுத்த ஆண்டே ஹிட்லர் ஆட்சி வந்தது. யூதப் பிறப்பினர் என்பதால் வேலை போயிற்று. அவருடைய பழைய ஆசிரியர் ஸ்டெர்னும் அதே 1933-இல் ஹாம்பர்க் பல்கலைக் கழகத்திலிருந்து நீக்கப்பட்டு, 1938-இல் அமெரிக்காவில் இறந்தார். யூதர் படும் துன்பத்தைப்பற்றித் திருச்சபை வாய் திறக்க வேண்டுமென்று எடித் 1933-இல் பாப்பரசர் 11-ஆம் பத்திநாதருக்குக் கடிதம் எழுதினார். அந்த அக்டோபரில் கொலோன் நகரக் கார்மேல் மடத்தில் நுழைந்தார்.

மடத்துக்குப் போகுமுன் பிரெஸ்லௌவில் தாயோடிருந்த கடைசி நாட்களில் ஒரு நூலை எழுதத் தொடங்கியிருந்தார். யூதர்களை அரக்கராகச் சித்திரிக்கும் பிரசாரத்தைக் கேட்டு வளரும் இளைஞர்களுக்கு, ஒரு சாதாரண யூதக் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்று உள்ளபடி காட்டுவதே எண்ணம். தம் தாயின் மரக்கடையையும், ஸ்டெர்னின் வகுப்பையும், தம்முடைய குத்தல் பேச்சையும், நண்பர் கண்டித்ததையும் அதில்தான் எழுதினார். மேலே நான் சொன்னவற்றில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததே. மற்றவர் உள்ளத்தைக் காணக் கற்பிக்கும் வேலையை அவர் மடத்துக்குள்ளும் விடவில்லை.

1936-இல் தாய் இறந்தார். 1938-இன் கடைசி நாள் எடித் பாதுகாப்புக்காக ஹாலந்து நாட்டிலிருந்த எக்ட் மடத்துக்கு மாற்றப்பட்டார். அவரைப் போலவே திருச்சபையில் சேர்ந்திருந்த அக்காள் ரோசாவும் பின்னர் அங்கே வந்து சேர்ந்தார். 1942 ஜூலை 26-இல் யூதர்களை நாடு கடத்துவதைக் கண்டித்து ஹாலந்து ஆயர்களின் சுற்றறிக்கை எல்லாக் கோவில்களிலும் வாசிக்கப்பட்டது. அதற்குப் பழிவாங்க, யூதப் பிறப்புள்ள கத்தோலிக்கரைப் பிடித்தார்கள். ஆகஸ்ட் 2-ஆம் நாள் மாலை சகோதரிகள் இருவரையும் கொண்டுபோனார்கள்.

வெஸ்டர்போர்க் முகாமில் அவரைக் கண்டு உயிர் பிழைத்தவர்கள் பிற்காலத்தில் ஒரு செய்தி சொன்னார்கள். அங்கே தாய்மார் பலர் அதிர்ச்சியில் நினைவு தடுமாறி, தம் பிள்ளைகளையே கவனியாமல் உட்கார்ந்துவிட்டார்கள். எடித் அந்தக் குழந்தைகளைக் கூட்டிப் போய்க் கழுவி, தலைவாரி, உணவூட்டிப் பார்த்துக்கொண்டார். ஆகஸ்ட் 7-இல் கிழக்கே போன ரயில் ஸ்பையருக்கு அருகிலுள்ள ஷிஃபர்ஸ்டாட் நிலையத்தில் சிறிது நின்றபோது, பெட்டிக்குள்ளிருந்து பழைய பள்ளியின் கன்னியருக்கு வணக்கம் சொல்லி அனுப்பினார் என்று அங்கிருந்தோர் கூறினார்கள். 1942 ஆகஸ்ட் 9-ஆம் நாள் அவுஷ்விட்ஸ் முகாமில் அவரும் ரோசாவும் கொல்லப்பட்டனர். யூதராகப் பிறந்தார்கள் என்பதே குற்றம். அண்ணன் பவுலும் அக்காள் ஃப்ரீடாவும் தெரேசியன்ஸ்டாட் முகாமில் உயிரிழந்தார்கள். 1998 அக்டோபர் 11-இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் எடித் ஸ்டைனுக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

அந்தத் தன்வரலாற்றை எக்ட் மடத்தில் மறுபடி எடுத்து எழுதியவர், 1916-இல் ஃபிரைபுர்க்கில் நடந்த முனைவர் தேர்வுவரை வந்தார். அதற்கு மேல் எழுதவில்லை. நூல் 1965-இல் அப்படியே, முடிவில்லாமல், அச்சாயிற்று.